போராட்டத்துக்குப் படியளந்த பொரித்த கோழி



அமெரிக்காவின் தென் மாநிலங்களில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு விருந்து என்றால் பொரித்த கோழிதான். கடையில் பெட்டியில் அடைத்து விற்பதை வைத்து அதை எடைபோடக் கூடாது. அலபாமாவில் என் பக்கத்து வீட்டு அம்மாள், எலும்போடு நறுக்கிய கோழியை உப்புப் போட்ட கெட்டி மோரில் இரவெல்லாம் ஊறவிடுவார். புளிப்பில் கறி மெத்தென்றாகும். மறுநாள் வடித்தெடுத்து, மிளகுத்தூள் கலந்த மைதாவில் புரட்டிச் சற்று நேரம் அப்படியே வைப்பார். மாவு ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொண்டால்தான் எண்ணெயில் உதிராது. கனத்த வார்ப்பிரும்புச் சட்டியில் எண்ணெய்ச் சூடு 170 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். துண்டுகளை நெருக்கிப் போட்டால் சூடு இறங்கி, மாவு எண்ணெய் குடித்துவிடும். சடசடப்பு அடங்கி, மேல்மாவு பொன்னிறமானால் பதம்.

இந்தக் கைப்பக்குவம் யாருடையது? 1824இல் மேரி ராண்டால்ஃப் வெளியிட்ட 'தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' நூலிலேயே கோழியை மாவில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரிக்கும் செய்முறை உண்டு. ஆனால் அக்கால வசதியான வெள்ளையர் வீடுகளின் அடுப்படியில் வெந்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், வர்ஜீனியாவின் கோர்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் தட்டுகளைத் தலையில் சுமந்து, ஜன்னல் வழியே பயணிகளுக்குக் கோழி விற்றுக் குடும்பம் காத்தவர்களும் கறுப்பினப் பெண்களே.

அவர்கள் வழியில் வந்தவர் ஜார்ஜியா கில்மோர். 1955 டிசம்பரில் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள், பேருந்துகளில் நிலவிய இனப் பாகுபாட்டை எதிர்த்து அவற்றைப் புறக்கணித்தார்கள். கில்மோர் கோழி பொரித்து ரொட்டிக்குள் வைத்துப் போராட்டக் கூட்டங்களில் விற்றார். போராட்டத்தில் இறங்கியதால் சமையல் வேலை பறிபோனது. மார்ட்டின் லூதர் கிங் ஊக்கம் தர, தன் வீட்டு அடுப்பையே நம்பினார். அவரோடு பல பெண்கள் சமைத்து விற்றார்கள். பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்பதால், பணத்தைப் பெயர் சொல்லாமலே தந்தார்கள். பேருந்தைத் தவிர்த்த மக்களை ஏற்றிச் சென்ற கார்களுக்கு அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டார்கள். 381 நாள் நீடித்த போராட்டம், 1956 டிசம்பரில் வெற்றியோடு முடிந்தது.

மேடையில் பேசியவர்களை உலகம் அறியும். அடுப்படியில் நின்று அதே போரை நடத்தியவர்களையும் நாம் அறிய வேண்டும். தெற்கே வந்து பொரித்த கோழி சாப்பிடும்போது, ஜார்ஜியா கில்மோரின் பெயரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.