பரிசப் பணம் யாருக்கு?

சென்ற மாதம் நெல்லியாளத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்த நகை ஜாபிதா ஒன்றும் என் கைப்பையில் பிரயாணம் செய்தது. தை மாதம் என் பெண்ணுக்குக் கல்யாணம். ஜாபிதாவில் கண்டது 40 சவரன். என் பெட்டியில் இருந்தது 22. மிச்சத்துக்குத் தங்கையைக் கேட்கலாம் என்றுதான் மலையேறினேன். வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதை நான் அறியாதவள் அல்ல. 'இஷ்டப்பட்டுப் போடுகிறோம்' என்று எல்லோரையும் போல நானும் சொல்லிக் கொண்டிருந்தேன்.

தங்கையின் கணவருக்கு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம். 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உண்டான தோட்டம் அது. தேயிலை வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பணியர்கள்.

மறுநாள் காலையில் பணியக் கிழவி ஒருத்தி விறகுக் கட்டைக் கொல்லையில் இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"என் கல்யாணத்தின்போது இதை மாப்பிள்ளையல்லவா சுமந்து வந்தான், அம்மா!" என்றாள்.

எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலும் இந்த விறகுக் கட்டு வருகிறது. மணமகன் தினந்தோறும் பெண் வீட்டுக்கு விறகு சுமக்க வேண்டும். கல்யாணத்தன்று 16 பணமும் புதுத் துணியும் தலைவன் கை வழியாகப் பெண்ணின் பெற்றோருக்குப் போகும். பிறகும் வருஷந்தோறும் மாமனார் வீட்டுக்கு வெகுமதி தர வேண்டும். தவறினால் பெண்ணைத் திரும்ப அழைத்துக் கொள்ளலாம். நாமோ பெண்ணையும் கொடுத்துப் பொன்னையும் கொடுக்கிறோம்! எனக்கு வயிறு எரிந்தது.

"நீங்கள் கொடுத்து வைத்தவர்கள், பாட்டி" என்றேன்.

"யாருக்கம்மா கொடுத்தார்கள்? எனக்கா?" என்று கேட்டாள்.

அவளுடைய முதல் புருஷன் அடிப்பவனாம். ஓடி வந்தவளைத் தகப்பனார் வாசலிலேயே நிறுத்தி, "வாங்கிய பணம் செலவாகிவிட்டது, போ" என்றாராம். இரண்டு வருஷம் கழித்து வேறொருவன் அந்தப் பணத்தைக் கட்டிய பிறகே அவள் வெளியே வர முடிந்தது. "கடனுக்குப் பிடித்து வைத்த மாடு போல இருந்தேன்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

பரிசம் வாங்கும் இடமெல்லாம் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. இதே நீலகிரியில் படகர்களிடமும் பழைய நாளில் பரிசம் உண்டு. ஆனால் மனைவி கருவுற்று ஐந்தாவது அல்லது ஏழாவது மாதத்தில் கழுத்தில் நூல் கட்டிய பின்னரே அவர்களுடைய கல்யாணம் பூர்த்தியாகும். பெண் பிரிந்து போவதும், விதவை மறுமணம் செய்து கொள்வதும் அவர்களுக்குள் பெரிய அபவாதம் அல்ல. ஆகவே பணம் கைமாறுவதை மட்டும் பார்த்தால் போதாது. பெண் விலக நினைக்கும்போது அந்தப் பணம் அவள் காலைக் கட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் உச்ச நீதிமன்றம் 2015-இல் இதைத்தான் கவனித்தது. பரிசம் கொடுக்கும் வழக்கத்தை அது ஒழிக்கவில்லை; விவாகரத்தின்போது பரிசத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கம் மட்டும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. முஸ்லிம்களின் மஹர் தகப்பனாருக்கன்றி மணப்பெண்ணுக்கே உரியது என்பதும் நினைவுக்கு வந்தது.

கிழவி கூலியை முடிந்து கொண்டு எழுந்தாள். தங்கை என் ஜாபிதாவைப் பற்றிச் சொல்லியிருப்பாள் போலும்.

"உங்கள் பெண் திரும்பி வந்தால் அந்தத் தங்கமும் கூடவே வருமா, அம்மா?" என்று கேட்டாள்.

ஸ்திரீதனம் மனைவிக்கே முழுச் சொத்து என்று நம்முடைய உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் தெருவிலேயே வெறுங்கழுத்தோடு திரும்பி வந்த இரண்டு பெண்களின் முகம் நினைவுக்கு வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தங்கை நகைப் பெட்டியைத் திறந்து என் முன்னே வைத்தாள். ஜாபிதாவை எடுத்துப் பிரித்தேன். அதை என் பெண்ணுக்கு இன்னும் காட்டவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டியை மூடச் சொல்லிவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.