ஒரு பில், ஒரு நம்பர், ஒரு மனுசரோட மானம்

 

பதிவு கொஞ்சம் நீளம். திருப்பணிக்கு அஞ்சு வெள்ளி கொடுத்தவங்களும் சரி, ஐயாயிரம் வெள்ளி கொடுத்தவங்களும் சரி, தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. இது கணக்கைப் பத்தின விசயம்.

ஜாசின், அலோர் காஜா பக்கம் இருக்கிற பல தோட்டத்துக் கோயில் மாதிரிதான் நம்ம கோயிலும். லயத்துல குடியிருந்த காலத்துல கணக்கு சுலபம். சம்பளத்துல மாசம் ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளி கோயிலுக்குப் பிடிப்பாங்க. லோரியில எத்தனை செங்கல் இறங்குச்சுன்னு தோட்டமே நின்னு பார்க்கும். இப்ப தோட்டம் கைமாறி, சனங்க மலாக்கா டவுன், ஜொகூர் பாரு, சிங்கப்பூர்னு போயிட்டாங்க. காசு பேங்க் வழியா வருது. கொடுத்தவங்க வேலையைக் கண்ணால பார்க்கிறதில்ல. அவங்களுக்குப் பதிவேடுதான் கண்ணு.

போன ஆண்டுக் கூட்டத்துல நடந்ததை வந்திருந்தவங்க மறந்திருக்க மாட்டீங்க. திருப்பணிச் செலவுப் பட்டியலை அச்சடிச்சுக் கொடுத்தோம். அதுல ரெண்டு வரி ஒரே மாதிரி இருந்தது. "கொடிமரம், செப்புத் தகடு, 9,200 வெள்ளி." கொஞ்சம் கீழே மறுபடியும் அதே கடை, அதே பொருள், அதே தொகை. ஒரு அண்ணன் எழுந்து, ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை காசு போயிருக்கான்னு கேட்டார். கேட்டது தப்பே இல்ல. கேட்கணும். ஆனா சாயங்காலத்துக்குள்ள புலனத்துல அந்தக் கேள்வி வேற உருவம் எடுத்திருச்சு. "பொருளாளர் எடுத்துட்டார்"னு ஆயிடுச்சு.

பொருளாளர் ஐயா எழுபதைத் தாண்டினவர். தோட்டத்துல கிராணியா இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை பேசல. அலமாரிச் சாவியை மேசை மேல வெச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கும் வரல.

நம்ம குத்தகையாளர் செலவுக் கணக்கையெல்லாம் கட்டுமான மென்பொருள்ல வெச்சிருக்கார். பார்க்க மட்டும் நம்ம செயலவைக்கு அனுமதி கொடுத்திருந்தார். குழுவுல குவான்டிட்டி சர்வேயரா வேலை செய்யிற தம்பி ஒருத்தர் மடிக்கணினியைத் திறந்து, கடை பேரைப் போட்டுத் தேடினார். ஒண்ணும் வரல. பக்கத்துல நின்னவர் உடனே, "பார்த்தீங்களா, பில்லே இல்ல"ன்னார்.

தம்பி பதறல. "அண்ணே, மண்டபம் ஒரு திட்டம், கொடிமரம் இன்னொரு திட்டம். நாம மண்டபத்துக்குள்ள நின்னு கொடிமரத்தைத் தேடுறோம்"னார். திட்டத்தை மாத்தினதும் ரெண்டு வரியும் வந்தது. ஒவ்வொண்ணையும் தனித்தனியா திறந்தார்.

ரெண்டுக்கும் வேற வேற பில் நம்பர், வேற தேதி. முதல் பதிவோட இணைப்புல "முன்பணம், பாதி"ன்னு இருந்தது. ரெண்டாவதுல தகடு வந்து இறங்கின ரசீதும் "மீதித் தொகை"ங்கிற குறிப்பும். ரெண்டும் சேர்ந்து 18,400. செயலவை ஒப்புக்கிட்ட விலைக்குறிப்பும் அதே 18,400. மொத்தம் பத்து நிமிசம் ஆகல.

அன்னைக்கு ராத்திரியே நாங்க நாலு பேரு ஐயா வீட்டுக்குப் போனோம். கேள்வி கேட்ட அண்ணனும் கூட வந்தார். ஐயா தேத்தண்ணி கொடுத்தார். "பில்லு பேசுச்சு, அது போதும்"னு மட்டும் சொன்னார். சாவி இப்ப பழையபடி அவர்கிட்டதான் இருக்கு.

இதுல நாம கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பட்டியல் வேற, பதிவு வேற. பட்டியல் ஒரு வரிதான் காட்டும். புரோகோர் மாதிரி மென்பொருள்ல "நேரடிச் செலவு"ன்னு ஒரு பகுதி உண்டு. அதுல ஒவ்வொரு பதிவுக்கும் வகை, கடை பேரு, பில் நம்பர், தேதி, செலவுக் குறியீடு, ஒப்புதல் நிலை, பில்லோட நகல் எல்லாம் வைக்க இடம் இருக்கு. குறிப்பிட்ட ஒரே பதிவை எடுக்கணும்னா எந்த நிறுவனம், எந்தத் திட்டம், எந்தப் பதிவு நம்பர்னு மூணும் சரியா இருக்கணும். தேடி வரலன்னா செலவு நடக்கலன்னு அர்த்தம் இல்ல. திட்டம் மாறியிருக்கலாம், பார்க்க அனுமதி இல்லாம இருக்கலாம், பட்டியலோட அடுத்த பக்கத்துல இருக்கலாம்.

தோட்டத்து ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல. செக்ரோல்ல ஆளுக்கு ஒரு நம்பர் இருந்தது. ஒரே தோட்டத்துல மூணு முனியம்மா இருந்தாலும் சம்பளம் மாறிப் போகாதது அதனாலதான்.

அதுக்கும் முன்னாடி தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பாருங்க. ராசராச சோழர் விமானத்து உச்சிக்குக் கொடுத்த செப்புக் குடத்துக்குக் கல்வெட்டு இருக்கு. அவரோட 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள். குடத்தோட எடை 3,083 பலம். மேல போர்த்தின பொன் தகடு 2,926½ கழஞ்சு. யார் கொடுத்தது, எந்த நாள், என்ன பொருள், எவ்வளவு எடைன்னு எல்லாமே அந்த ஒரு பதிவுல இருக்கு. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்குக்கூட ஆடவல்லான்னு பேரு வெச்சு எழுதினாங்க. ஆயிரம் வருசம் கழிச்சும் யாரும் யாரையும் சந்தேகப்படாம படிக்க முடியுது.

நம்ம மலாக்காவுல பொய்யாத விநாயகர் கோயில் 1781-லேருந்து இருக்கு. கோயில் மனுச ஆயுசைத் தாண்டி நிக்கும். அடுத்த கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருசம் கழிச்சுன்னா, அப்ப நாற்காலியில யார் இருப்பாங்களோ தெரியாது. ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்புறது சட்டம். ஆனா கொடுத்தவங்களுக்கு நாம சொல்ல வேண்டிய பதில் 60 நாளோட முடியாது.

அதனால செயலவையில முடிவான சில விசயம். கடையில வாங்கின பில்லுக்கு அன்னைக்கே நம்பர் போடணும். மெசின்ல வர்ற ரசீது கொஞ்ச நாள்ல வெள்ளையாயிடும், கையோட படம் எடுத்து வைக்கணும். முன்பணமா, மீதியான்னு விவரத்துலயே எழுதணும். கணக்கைத் திறக்கிற அனுமதி ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கக் கூடாது, மூணு பேருக்காவது இருக்கணும்.

பக்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தேகம் வந்தா கேளுங்க. பட்டியல்ல எந்த வரின்னு குறிச்சு, ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் அலுவலகத்துக்கு வாங்க. அந்தப் பதிவை உங்க முன்னாடியே திறந்து காட்டுறோம். அதைப் பார்த்த பிறகு புலனத்துல எழுதுங்க.

அம்மன் துணை.