முதல் வீட்டுச் சுவர்

பேத்திக்குச் சென்னையில் வேலை கிடைத்து, ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். போன வாரம் போனில், "தாத்தா, சுவரெல்லாம் மொட்டையா இருக்கு. கடையில ஒரு படம் மூவாயிரம் சொல்றான். உங்க தோல் மலையை எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றாள். சரி என்றேன். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியபோது பழசெல்லாம் வந்துவிட்டது.

1977. கல்யாணமாகி சோளிங்கரில் முதல் குடித்தனம். அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் பொதுக் கிணறு. வாடகை 60 ரூபாய். முன் பாகத்தில் வீட்டுக்காரம்மா. கூடத்துச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கிய கறை, ஆள் உயரத்துக்கு. ஆணி அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஏற்கெனவே இருந்த ஒரு மரமுளையில் மளிகைக்கடை காலண்டரை மாட்டினோம். கறையில் கால்வாசிகூட மறையவில்லை. பொங்கலுக்கு வருவதாக மாமனாரிடமிருந்து கடிதம் வேறு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஓவிய வாத்தியார் ஒருமுறை மத்தீஸ் என்ற ஓவியரின் படங்கள் அச்சான பத்திரிகையைக் காட்டினார். 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் முன்போல நின்று வரைய முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரியால் வெட்டி, உதவியாளர்களைக் கொண்டு சுவரில் பொருத்திப் படமாக்கினாராம். அவர் இறந்தது 1954 நவம்பர் 3. புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்து இரண்டே நாள். வாத்தியார் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடும்போது எதற்காக வருந்துகிறார் என்று எங்களுக்குப் புரியாது.

நானும் வெட்டி ஒட்டலாம் என்று தோன்றியது. ஆனால் வண்ணக் காகிதம் வெயிலில் வெளுத்துவிடும். அப்போதுதான் தோல் ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியது பெரும்பாலும் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய பாதிப் பதத் தோல். அந்த எழுபதுகளில் அரசு பாதிப் பதத் தோல் ஏற்றுமதிக்கு அளவு கட்டிய பிறகு, முழுக்கப் பதப்படுத்திச் சாயமேற்றுவதும் ஷூ மேல்பாகம் தைப்பதும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெருகின. கறுப்பு, காப்பி நிறம், செம்மண் நிறம் என்று கழிவுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேரும்.

ராணிப்பேட்டையில் தோல் வேலை பார்த்த ஒருவர், ஏதோ சான்றிதழுக்காக எங்கள் அலுவலகம் வந்து பழக்கமானவர், ஒரு பை நிறையத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. "உள்ளே வாங்க" என்றேன். முன் பாகத்துக் கதவைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் சார்" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

வேலையைக் கற்றுக்கொடுத்தது அவர்தான். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும், முதுகுப் பக்கத்தில் வெட்டினால்தான் வடிவம் நிற்கும். ஒட்டுவதற்கு முன் ஓரத்தை உள்பக்கமாகச் சாய்த்துச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கிளம்பிவிடும். பைண்டிங் கடை அட்டை இரண்டு வாங்கினேன். பசை, மைதா காய்ச்சியது. பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். (அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.) ஒட்டியதும் மேலே பலகை வைத்து, அதன்மேல் அம்மிக்கல். மொத்தச் செலவு மூன்று ரூபாய்க்குள்.

படம் எங்கள் மலைதான். பெரிய மலை செம்மண் நிறத்தில், ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலை கறுப்பில். பெரிய மலைக்கு 1305 படி; அத்தனையும் யார் வெட்டுவது? வெளிர்த் தோலில் ஒரே வளைந்த கீற்று. அந்தக் கீற்றையும் சின்ன மலையையும் அவரே திண்ணையில் உட்கார்ந்து வெட்டி, ஓரம் சீவிக் கொடுத்தார். கறை முழுக்க மறைந்தது. என் மனைவி தெருவில் நின்றுகொண்டு, வாசல் வழியாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது.

மாமனார் வந்தார். பார்த்தார், ரசித்தார், தொட்டார். "இது என்ன துணி மாப்பிள்ளை?"

"தோல், மாமா."

கையை எடுத்தவர் நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். "பெருமாள் மலைய மாட்டுத் தோல்லயா?"

"ஆட்டுத் தோல்தான் மாமா" என்றேன், அது ஏதோ பதில் என்பதுபோல.

மனைவிதான் பேசினாள். "மிருதங்கம் மட்டும் எதுலப்பா பண்றாங்க?"

"அது கச்சேரியில இருக்கு. பூஜை மாடத்துக்கு எதிர்ல இல்ல."

நான் எழுந்து படத்தைக் கழற்றி, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்று என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் பொங்கல். அந்த நண்பர் இரண்டு கரும்போடு வந்து வாசலில் நின்றார். "படம் மாட்டியாச்சா சார்?"

"பிரேம் போடக் குடுத்திருக்கேன்."

வாசலில் நின்றாலே அந்த முளையும் கறையும் தெரியும் என்று எழுதியிருக்கிறேனே. பொங்கலன்று எந்தக் கடை திறந்திருக்கும்? அவர் "சரிங்க சார்" என்று கரும்பைத் திண்ணையில் சாத்திவிட்டுப் போனார். மாமனார் ஊருக்குப் போனதும் படம் மறுபடி முளைக்கு ஏறியது. அதைப் பார்க்க வாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. ஓய்வுபெற்று இந்த ஊருக்கே திரும்பிய பிறகு ராணிப்பேட்டையில் விசாரித்தேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

நேற்று பேத்திக்காகப் படத்தை மேசையில் போட்டுப் பார்த்தேன். பெரிய மலையின் அடிவாரம், வலது மூலை, மேகம் எல்லாம் ஓரம் கிளம்பியிருக்கின்றன. அவை நான் சீவியவை. படிக்கட்டும் சின்ன மலையும் ஒட்டியது ஒட்டியபடி இருக்கின்றன. கிளம்பியவற்றுக்குப் பசை தடவி, மேலே பலகை வைத்திருக்கிறேன். அம்மிக்கல்லைத் தூக்கத்தான் இப்போது ஆள் வேண்டியிருக்கிறது.