எவ்வளவு கொடுக்கும்?

மணாலியிலிருந்து லே போகிற வழியில், கேலாங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஊர்ப் பெயரை ஆங்கிலப் பலகையில் பார்த்து ‘தாண்டி’ என்று படித்துக்கொண்டேன். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்காமல் யாரும் போவதில்லை. 2022 கோடையில் நானும் எடுத்தேன். பக்கத்தில் புல்லட்காரர்கள் ஐந்து லிட்டர் கேன்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலை இல்லை. என் டேங்க்கே 30 லிட்டர்.

வண்டி பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். அட்வென்ச்சர். செகண்ட் ஹேண்டில், லோன் போட்டு வாங்கியது. 1254 சிசி, 136 குதிரைத்திறன். டேங்க் நிரம்பியிருந்தால் 268 கிலோ. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, உள்ளே ஸ்டவ்வு, ஸ்வெட்டர், பஞ்சர் கிட் எல்லாம் சேர்த்தால் 300ஐத் தாண்டும். சீட் 89 சென்டிமீட்டர் உயரம். நான் ஐந்தடி ஆறங்குலம். சிக்னலில் ஒரு காலின் நுனிவிரலை மட்டும் ஊன்றி நிற்பேன், பரதநாட்டியக்காரி மாதிரி. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து முதலில் விலையைக் கேட்பார், பிறகு அந்தக் கேள்வி. “வண்டி எவ்ளோ குடுக்குது?”

பதினெட்டு, இருபது என்பேன். அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும்.

அது நியாயமான பரிதாபம்தான். 30 லிட்டரும் காலியாக இந்த வண்டி 550, 600 கிலோமீட்டர் போகும். ஒரு ஸ்ப்ளெண்டர் பத்து லிட்டருக்கும் குறைவான டேங்க்கில் ஏறக்குறைய அதே தூரம் போய்விடும். இந்த வம்சம் 1980இல் ஆர் 80 ஜி/எஸ் என்ற பெயரில் தொடங்கியது. ஜி என்றால் காடுமேடு, எஸ் என்றால் சாலை. இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சிலிண்டர், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். அடுத்த வருடமே ஊபேர் ஓரியோல் அதில் பாரிஸ்-டக்கார் பந்தயத்தை ஜெயித்தார். அப்போது அது மெலிந்த வண்டி. தலைமுறைக்குத் தலைமுறை சதை போட்டுக்கொண்டே வந்தது. 2004இல் ஈவன் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க் போன ‘லாங் வே ரவுண்ட்’ தொடரைப் பார்த்துத்தான் என்னைப் போன்ற ஆயிரம் பேருக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. அதே தொடரில், மங்கோலியச் சேற்றில் கேமராமேனின் ஜி.எஸ். படுத்துவிட, அவருக்கு ஒரு பழைய ரஷ்ய வண்டியை வாங்கிக் கொடுப்பார்கள். அது சேற்றில் இவர்களுடையதைவிட லேசாகப் போகும். அதைப் பார்த்தும் நாங்கள் யாரும் ரஷ்ய வண்டி வாங்கவில்லை.

சர்ச்சுவில் டென்ட்டில் தங்கினேன். சாயங்காலம் ஒரு பழைய கார்புரேட்டர் புல்லட் வந்து நின்றது. டி.என். 57. இரண்டு பையன்கள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும்.

“ண்ணே, தமிழா? நாங்க திண்டுக்கல்லுண்ணே!”

ஊரிலிருந்தே ஓட்டி வந்திருக்கிறார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். டீ குடித்தோம். பிறகு கொஞ்சம் உயரமாக இருந்தவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “கேன் மூடி எங்கயோ லூசாயிருச்சுண்ணே, பாதிக்கு மேல ஒழுகிப்போச்சு. ரெண்டு லிட்டர் கெடைக்குமாண்ணே? காசு குடுத்துர்றோம்.”

அந்த உயரத்தில் காற்று குறைவு. என் வண்டி அதற்கேற்ப பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, வழக்கம்போல ஊற்றும். இரண்டு பேர், லக்கேஜ் வேறு. அவர்கள் கணக்கு போதும் போதாத கணக்கு. என் திரையில் இன்னும் 410 கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது. லேக்கு 250தான் பாக்கி.

“குடுக்கலாம் தம்பி, ஆனா எடுக்க ட்யூப் இல்லையே” என்றேன்.

ட்யூப் இருந்தது. இடது பெட்டியில், ஒரு மீட்டர் நீளத்தில், இதற்காகவே வாங்கிய வெள்ளை ட்யூப். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், பெட்டியைத் திறந்து, துணியெல்லாம் வெளியே எடுத்து, குளிரில் குனிந்து உறிஞ்ச வேண்டுமே என்ற சோம்பல். அதற்கும் கீழே இன்னொன்று: இந்த டேங்க்குக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

“பரவால்லண்ணே” என்றான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி பறந்தது, அதைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. லாச்சுங் லா இறங்கி, பாங் வருவதற்கு முன்னால் ஒரு இடத்தில் மலை செம்மண் கோபுரங்கள் மாதிரி நின்றது. போட்டோ எடுக்கலாம் என்று நிறுத்தினேன். இடது காலை ஊன்றினேன். நான் நினைத்த இடத்தில் தரை இல்லை, நாலு விரற்கடை கீழே இருந்தது. அவ்வளவுதான். இந்த வண்டிகள் பெரும்பாலும் ஓடும்போது விழுவதில்லை, நிற்கும்போதுதான் விழும். ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடிக்கவும் கூடாது, இடுப்பு போய்விடும். விட்டுவிட்டு நகர்ந்தேன். எருமை படுப்பது போல நிதானமாகப் படுத்தது.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்புறத்தை வைத்து, ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் பின்னால் இருக்கும் கம்பி, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஊரில் தார்த்தரையில் இரண்டு முறை தூக்கிக் காட்டி கைதட்டு வாங்கியிருக்கிறேன். இங்கே சரளைக்கல், சக்கரம் மேட்டிலும் ஹேண்டில்பார் பள்ளத்திலும் கிடந்தன. காற்றோ ஊரில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல். மூன்றாவது முயற்சியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன்.

சுமார் அரை மணி நேரம். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. புல்லட் சத்தத்தை அடையாளம் காண முகம் தேவையில்லை.

“ண்ணே, அடி ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டுக்கொண்டேதான் இறங்கினார்கள். விழுந்ததில் இடது பெட்டியின் பூட்டு விட்டு, சாமான்கள் சரளையில் சிதறியிருந்தன. நான் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. உயரமானவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஸ்வெட்டர், ஸ்டவ்வு, பஞ்சர் கிட். அப்புறம் ட்யூப். அதைக் கையில் வைத்து ஒரு நொடி பார்த்தான். சுருட்டினான், ஸ்வெட்டருக்கு அடியில் வைத்தான், மூடினான்.

“சைடு ஸ்டாண்டு போட்டுக்கிறேண்ணே, நீங்க பிரேக்கைப் பிடிங்க. டேய், நீ பின்னால தூக்கு.”

ஒண்ணு, ரெண்டு, மூணு. எழுந்து நின்றது.

“பெட்ரோல் இருக்கா தம்பி? எடுத்துக்கங்க, எவ்ளோ வேணும்னாலும்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“வேணாம்ணே. டென்ட்காரர்ட்ட வாங்கிட்டோம். லிட்டரு 200 ரூவா சொன்னாரு.” நக்கல் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். இருவரும் கையசைத்துவிட்டுப் போனார்கள். நான் தண்ணீர் குடித்து, நடுக்கம் நின்ற பிறகு கிளம்பினேன். பாங்கில் அவர்கள் வண்டி இல்லை, மோரே சமவெளியிலும் கண்ணில் படவில்லை.

லேக்கு முன்னால், காருவில் பங்க் வந்தது. திரையில் இன்னும் 190 கிலோமீட்டர் இருந்தது. தேவையில்லாமல் உள்ளே நுழைந்து ஓரமாக நிறுத்தினேன், இந்த முறை தரையைப் பார்த்துக் காலை வைத்து. முக்கால் மணி நேரம் நின்றேன். டி.என். 57 வரவில்லை. முன்னாலேயே போயிருப்பார்கள்.

பெட்ரோல் போடுகிற பையன் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் வந்தான். டேங்க்கைத் தட்டிப் பார்த்தான், சிலிண்டரைக் குனிந்து பார்த்தான்.

“கித்னா தேத்தி ஹை?” என்றான். எவ்வளவு கொடுக்கும்?