பேனாக்கொழுப்பு

எனக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சதும், ஆபீஸுக்குப் புதுசா வந்தவர் ஒரு சீட்டுல பெரிய பெரிய எழுத்தா எழுதி நீட்டினார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது"ன்னு கீழ எழுதிக் குடுத்தேன்.
எனக்கு வாய்க்கொழுப்புன்னு யாரும் சொல்ல முடியாது. பேனாக்கொழுப்பு.
மனுஷன் பாவமா தலையாட்டிட்டுப் போயிட்டார் 😄

இன்னொரு கோஷ்டி இருக்கு.
"எழுதிக் குடுத்தா போதுமே, வேற என்ன?"

எனக்குக் காது போனது பள்ளிக்கூட வயசுல. அதுக்குள்ள தமிழ் உள்ள போயிடுச்சு.
என் சிநேகிதன் பிறவியிலேயே கேக்காதவன். முதல் மொழி சைகை. அதுல வேற்றுமை உருபெல்லாம் கிடையாது. படிச்ச ஸ்கூல்ல வாத்தியாருக்குச் சைகை தெரியாது.
மெயில்ல ஒரு 'க்கு' விட்டுப்போனா, வேலையே தெரியாதவன்னு முடிவு கட்டிடறாங்க.
அவன் ஆட்டோகேட்ல போடற டிராயிங்கைப் பாக்கணும் நீங்க!

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்துல அரசு வேலைல எங்களுக்கு 1% ஒதுக்கீடு. நாற்காலி கிடைச்சுது, சரி.
மீட்டிங்ல எல்லாரும் சிரிக்கறப்போ என்னன்னு கேட்டா, "அப்புறம் சொல்றேன்".
அந்த அப்புறம் வந்ததே இல்ல.

உங்க ஆபீஸ்ல, பேசி முடிச்சதை எழுதி எல்லாருக்கும் அனுப்பற பழக்கம் உண்டா?