ஏழு நாற்பத்து நான்கான கதை

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் வழியாகத் தருமபுரி போகும் தேசிய நெடுஞ்சாலைக்கு முன்பு எண் 7. நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளுக்கு 2010-ல் புது எண்கள் கொடுத்தபோது அது 44 ஆனது. சாலை நகரவில்லை, தென்பெண்ணை ஆறும் நகரவில்லை. ஆனால் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு 7-ஐத் தேடுபவர் திண்டாடத்தான் வேண்டும்.

ஒரு நிரல்மொழி புதுப் பதிப்புக்கு மாறும்போது மென்பொருள் தொகுப்புகளுக்கும் இதுதான் நடக்கிறது.

பைதான் மொழியை எடுத்துக்கொள்வோம். தொகுப்புகளை பில்ட் செய்து நிறுவ, 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பகுதி அந்த மொழியுடனேயே வந்துகொண்டிருந்தது. 2021-ல் வந்த 3.10 பதிப்பு, "இது போகப்போகிறது" என்று எச்சரித்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 2023 அக்டோபரில் 3.12 வந்தது. அந்தப் பகுதி காணாமல் போனது. நேற்றுவரை ஒழுங்காக பில்ட் ஆன தொகுப்புகள், "அப்படி ஒரு மாட்யூல் இல்லை" என்று நின்றுவிட்டன.

சரி, எப்படிச் சரிசெய்வது?

முதலில் பொறுமை வேண்டும். திரையில் கடைசியாகத் தெரிவது பெரும்பாலும் "பில்ட் தோல்வி" என்ற அறிவிப்புதான். உண்மையான காரணம் அதற்கு மேலே, முதலில் கிளம்பிய பிழையில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிஸ்ட்யூட்டில்ஸ் செய்த வேலையைச் செய்ய 'செட்டப்டூல்ஸ்' இருக்கிறது. பல தொகுப்புகளில் ஒன்றிரண்டு வரிகளை மாற்றினால் போதும். 7 என்று எழுதிய இடத்தில் 44 என்று எழுதுவது போலத்தான்.

பழைய பதிப்புக்கே திரும்பிப் போய்விடலாமே என்று தோன்றும். இன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒருநாள் நின்றுபோகும். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 7 என்ற எண் இப்போது காலியாக இல்லை. பஞ்சாப், உத்தரகாண்ட் பக்கம் ஓடும் வேறொரு சாலைக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். பெயர் அதே, பொருள் வேறு! பைதான் 2-லிருந்து 3-க்கு மாறியபோதும் இப்படி நடந்தது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. பில்ட் தோற்காது, பிழைச் செய்தியும் வராது. விடை மட்டும் மாறியிருக்கும்.

தமிழுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 சரமாக வைத்திருந்த பைதான் 2 பைட்டுகளை எண்ணி 15 என்றது. பைதான் 3 யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்கிறது. பள்ளிக் குழந்தையைக் கேட்டால் 3 எழுத்து என்று சொல்லும். அந்த 3-ஐ எண்ணித் தருவதற்கென்றே 'ஓபன்-தமிழ்' போன்ற நிரலகங்கள் இருக்கின்றன.

ஆகவே பில்ட் ஆகிவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. விடை சரியா என்று பார்க்கும் சோதனைகளும் வேண்டும். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்தால் தமிழில் வரும் தவறு கண்ணில் படாது. 'தமிழ்' என்றால் 3 வர வேண்டும் என்ற ஒரு வரிச் சோதனையை எழுதி அனுப்ப ஒரு கல்லூரி மாணவரே போதும். அதை யாரும் எழுதாவிட்டால், அடுத்த பதிப்பு வரும்போது எந்தச் சத்தமும் இல்லாமல் தவறான ஊரில் இறங்கி நிற்போம்.