கணக்கில் வராத கம்பி

எங்கள் குப்பத்தில் பெண்கள் மீனை ஏலம் எடுக்கலாம், சுமக்கலாம். படகில் ஏறினால் மட்டும் தீட்டு. 2024-25இல் தில்னாவோடு தாரிணி பாய்மரப் படகில் உலகையே சுற்றிவந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர்தான்! நான் ஏறியது தேங்காய்த்திட்டில் கட்டியிருந்த அண்ணனின் விசைப்படகில், பேட்டரி மானிட்டர் பொருத்த. அதற்கே கரையில் முணுமுணுப்பு.

வோல்ட்டை மட்டும் நம்ப முடியாது. இன்ஜின் ஓடும்போது 14 காட்டும், பேட்டரி பாதி காலியாக இருக்கும். போவதையும் வருவதையும் எண்ண, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மற்ற நெகட்டிவ் கம்பிகளுக்கும் நடுவே ஷண்ட்டை வைத்தேன். ஷண்ட்டைத் தாண்டி ஒரு கம்பி நேராகப் பேட்டரிக்குப் போனாலும் அந்தச் செலவு கணக்கில் வராது, அம்மாவின் கூடை வருமானம் மாதிரி. வயர்லெஸ் கம்பி அப்படித்தான் இருந்தது, மாற்றினேன். கொள்ளளவு 200 ஆம்பியர்-மணி என்று பதித்தேன்.

"ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சா, காலையில இன்ஜின் கிளம்புமான்னு சொல்லுமா?"

"மிச்சம் எவ்வளவுன்னு சொல்லும். பாதிக்குக் கீழ எறங்க விடாதண்ணே."